20 வயது டபிள்யூஆர்எக்ஸ்: ஆயில் கருகும் வாடை, ரசீது இல்லாத டைமிங் பெல்ட். எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

ஈசூன்_ஈஜே:

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2005-இல் பதிவான சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். ஈஜே205 டர்போ எஞ்சின், 5 கியர் மேனுவல், மீட்டரில் 196,000 கி.மீ. சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) 5 ஆண்டுக்குத்தான் புதுப்பித்திருக்கிறது, 2030-இல் முடியும். 5 ஆண்டுப் புதுப்பிப்பு என்பதால் அதற்குமேல் நீட்டிக்க வழியில்லை. சாலை வரியில் 50% கூடுதல் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. செலவைப் பார்த்துத்தான் செய்யவேண்டிய நிலை.

சிக்னலில் நின்றால் ஏர்கான் வழியாக ஆயில் கருகும் வாடை வருகிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு முந்தைய உரிமையாளரிடம் ரசீது இல்லை. கூலன்ட் ரிசர்வ் டப்பாவில் அளவு மெல்ல மெல்ல இறங்குகிறது, ஆனால் வெப்ப ஊசி நடுவைவிட்டு நகரவில்லை. கிளட்ச் பெடல் நன்றாக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது.

பட்டறையில் “எஞ்சினை இறக்கி எல்லா சீலும் மாற்றிவிடலாம்” என்கிறார்கள். இறக்காமலே எவ்வளவு தூரம் போகலாம்? இதெல்லாம் முடிந்தபின் கொஞ்சம் பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்) ஏற்றி ட்யூன் செய்யவும் ஆசை. எதில் முதலில் கை வைப்பது?

சின்மிங்_ஸ்பேனர்:

கசிவு எந்த இடத்தில் என்று பார்க்காமல் எஞ்சினை இறக்க வேண்டாம் தம்பி.

சுபாருவின் பாக்ஸர் எஞ்சினில் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்) இரண்டு ஹெட்டும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. ஹெட்டை மூடும் ராக்கர் கவரின் கீழ் விளிம்பில் ஆயில் தேங்கி நிற்கும், அதற்குக் கீழேயே எக்ஸாஸ்ட் குழாய் ஓடும். வயதான ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய் ஒரு சொட்டு விட்டாலும் சூட்டில்தான் விழும். ஓடும்போது காற்று அந்தப் புகையை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் ஏர்கான் உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது அச்சு அசல் இந்த அறிகுறி.

ஆனாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அடித்தட்டைக் கழற்றி, டிகிரீசர் அடித்துக் கழுவி, காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கீழிருந்து பாருங்கள். ஹெட்டின் கீழ் விளிம்பில் மட்டும் ஈரம் என்றால் ராக்கர் கவர். வலது பின்பக்கம் டர்போவுக்குக் கீழே என்றால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் குட்டி ரப்பர் ஹோஸையும் பிடித்துப் பாருங்கள், அது பிஸ்கட்போல நொறுங்கும். முன்பக்க டைமிங் கவருக்குள்ளிருந்து என்றால் கேம் சீல், கிராங்க் சீல் (சுழலும் தண்டுகளின் ஆயில் சீல்கள்), ஆயில் பம்ப் இதில் ஏதோ ஒன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் மட்டும்தான் பின்பக்க சீல், செப்பரேட்டர் தட்டு (எஞ்சினின் பின்பக்க மூடித்தகடு) என்ற பேச்சே. அங்கேயும் ஏமாந்துவிடாதீர்கள்: ராக்கர் கவரின் பின்மூலையிலிருந்து ஓடிவந்த ஆயிலும் அதே இடத்தில்தான் சொட்டும்.

ராக்கர் கவர் வேலை எஞ்சினை இறக்காமல் முடியும். வலதுபக்கத்துக்கு ஏர் பாக்ஸைக் கழற்றுங்கள். இடதுபக்கத்துக்கு பேட்டரியும் வைப்பர் தண்ணீர் டப்பாவும் வெளியே வரவேண்டும். பிட்ச் ஸ்டாப்பரை (எஞ்சின் ஆடாமல் பிடிக்கும் தண்டு) கழற்றி, எஞ்சின் மவுண்டின் அடி நட்டுகளையும் எடுத்துவிட்டு, மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினை 2–3 செ.மீ. தூக்கினால் கவர் வெளியே வர இடம் கிடைக்கும். தூக்கும்போது ரேடியேட்டர் ஃபேன், மேல் ஹோஸ் இரண்டின்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

வாங்கவேண்டியவை: இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி வெளி கேஸ்கெட், பிளக் துளையைச் சுற்றி வரும் சீல்கள், கவர் போல்ட்டுகளின் ரப்பர் வாஷர்கள். வாஷரை விட்டுவிட்டு கேஸ்கெட் மட்டும் மாற்றுவதால்தான் பலருக்கும் சில மாதத்தில் மறுபடி கசிகிறது. கவரை அழுத்திப் பிடிப்பது அந்த ரப்பர்தான், போல்ட் அல்ல. போல்ட்டுக்கு 5–6 நியூட்டன் மீட்டர் போதும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் ஹெட்டில் உள்ள அலுமினிய மரை உரிந்துவிடும். கேம் கேப் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் அரிசி அளவு சிலிகான் சீலண்ட், சுற்றிலும் பூசக்கூடாது. பிதுங்கும் சிலிகான் உள்ளே உதிர்ந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வலையில் போய் அடைக்கும். ஈஜே எஞ்சினில் பேரிங் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கவர் திறந்திருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிடுங்கள். ஸ்டாக் எஞ்சினுக்கு என்ஜிகே பிஎஃப்ஆர்6ஜி, இறுக்கம் 21 நியூட்டன் மீட்டர், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மட்டும். பிளக் குழியில் ஆயில் நின்றிருந்தால் காயிலின் ரப்பர் உறை ஊறிப்போயிருக்கும், அதையும் பாருங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் பார்க்கில் இதைச் செய்யாதீர்கள். விதிக்குப் புறம்பு, வெளிச்சமும் பற்றாது.

பல்_எண்ணுபவன்:

ரசீது இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 100,000 கி.மீ. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பூஸ்ட், ட்யூன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் முதலில் போவது பெல்ட் அல்ல, பல் உள்ள ஐட்லரின் (பெல்ட் ஓடும் உருளை) பேரிங் அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர். பெல்ட், டென்ஷனர், பல் ஐட்லர், வழுவழு ஐட்லர்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கேம் சீல்கள், கிராங்க் சீல், ஆயில் பம்ப் ஓ-ரிங் எல்லாம் ஒரே தடவையில் போடுங்கள். ஐசின் கிட்டில் முக்கியமானவை சேர்ந்தே வரும். ஆயில் பம்ப் வெளியே வந்ததும் பின்தட்டின் ஸ்க்ரூக்களைக் கட்டாயம் பாருங்கள். அவை தானாகத் தளர்ந்து ஆயில் அழுத்தத்தைக் குறைப்பது இந்தக் குடும்ப எஞ்சின்களில் தெரிந்த நோய். திரெட் லாக் போட்டு இறுக்குங்கள்.

ரேடியேட்டர் ஃபேன்களைக் கழற்றினால் முன்பக்கம் கை வைக்க நல்ல இடம் கிடைக்கும், எஞ்சினை இறக்கத் தேவையில்லை. அடையாளம் வைப்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட் ஓடும் பல்சக்கரம்) அம்புக்குறி ஒன்று இருக்கும், அதைப் பார்த்து வைக்கக்கூடாது. பார்க்க வேண்டியது சின்னக் கோடு. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் பின்விளிம்புக் கோடு நேர் மேலே, ஆயில் பம்ப் மேல் உள்ள அடையாளத்துக்கு நேராக வரவேண்டும். அந்த நிலையில் நான்கு பிஸ்டனும் நடுவழியில் நிற்கும், அதனால் கேமைத் திருப்பினால் பிஸ்டனில் இடிக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் இன்டேக், எக்ஸாஸ்ட் ஸ்ப்ராக்கெட்டுகளின் இரட்டைக் கோடுகள் ஒன்றை ஒன்று பார்த்து நிற்க வேண்டும்.

ஆபத்து இடதுபக்கத்தில். பெல்ட் போடும் நிலையில் வலது கேம்கள் எந்த வால்வையும் அழுத்துவதில்லை, சும்மா நிற்கும். இடது கேம்கள் இரண்டாம் சிலிண்டரின் இன்டேக் வால்வையும் நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வையும் அழுத்திக்கொண்டிருக்கும். பெல்ட்டை எடுத்ததும் ஸ்ப்ரிங் விசையில் அவை டக்கென்று சுழன்றுவிடும். திரும்பக் கொண்டுவரும்போது நெடுந்தூரம் சுற்றினால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றோடொன்று முட்டி வளையும். எந்தப் பக்கம் சுற்றினால் கோணம் குறைவோ அந்தப் பக்கமே, ஸ்பேனரால், மெதுவாக. கேம் லாக் கருவி விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள்.

டென்ஷனரை அழுத்த அவசரம் கூடாது. மேலிருந்து அழுத்தும் பிரஸ்ஸில் நிமிர்த்தி வைத்து 3 நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்தி, பின் செருகுங்கள். வேகமாக அழுத்தினால் உள்ளே சீல் கிழிந்து, பிறகு ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும். பின்னை எடுத்தபிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஸ்ப்ராக்கெட் கோடுகளை மறுபடி பாருங்கள். பெல்ட்மேல் அச்சிட்ட கோடுகள் அப்போது இடம் மாறியிருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

மேனுவல் வண்டி என்பதால் கிராங்க் ஸ்ப்ராக்கெட் அருகே ஒரு சின்ன இரும்பு வழிகாட்டித் தகடு இருக்கும். பெல்ட்டுக்கும் அதற்கும் 1 மி.மீ. அளவு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கியரில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டால் பெல்ட் பல் தாவாமல் காப்பது அதுதான். “மிச்சமான தகடு” என்று தூக்கிப்போட்ட பட்டறைகளும் உண்டு. கடைசியாக கிராங்க் புல்லி போல்ட்: டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு. தளர்ந்தால் புல்லி ஆடி சாவிப்பள்ளத்தைத் தின்றுவிடும்.

ஈசூன்_ஈஜே:

பவுடர் போட்டுப் பார்த்தேன். இரண்டு ராக்கர் கவரின் கீழ் விளிம்பும் நனைந்திருக்கிறது, வலதில் அதிகம். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் லேசான ஈரம், சொட்டவில்லை. கூலன்ட்தான் குழப்பமாக இருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்குமா? இணையத்தில் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

தண்ணிப்_பாட்டில்:

இணையத்தில் சொல்வது பெரும்பாலும் ஈஜே25 டர்போ இல்லாத சிங்கிள் கேம் எஞ்சின்களைப் பற்றி. அவற்றின் பழைய கேஸ்கெட் வெளிப்பக்கமாக ஆயிலும் கூலன்ட்டும் கசியும். ஈஜே205-இல் அது அவ்வளவு சகஜமில்லை. சோதிக்காமல் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் 1 பார் அழுத்தம் கொடுத்து அரைமணி நேரம் விடுங்கள். குளிரில் என்பது முக்கியம்: சூடானால் உலோகம் விரிந்து சின்னக் கசிவுகள் தானாக மூடிக்கொள்ளும். பார்க்கவேண்டிய இடங்கள்: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடிக்கப்பட்ட விளிம்பு (பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறியிருந்தால் அதன் காலம் முடிந்தது), டர்போவுக்குப் போகும் சின்ன ஹோஸ்கள், வாட்டர் பம்பின் ஒழுகு துளை. பம்ப் ஒழுகினால் டைமிங் கவருக்குக் கீழே காய்ந்த கூலன்ட் படிவம் தெரியும்.

வெளியே எதுவும் இல்லையென்றால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எரிவாயுச் சோதனைத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளானால் கேஸ்கெட்தான். கருவி இல்லாவிட்டாலும் கண்ணால் பார்க்கலாம்: காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, மேட்டில் அழுத்தி ஓட்டியபின் ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வருவது. ஊசி நடுவில் நிற்பதை நம்பி இருக்காதீர்கள். அந்த ஊசி ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் அசையாமலே நிற்கும்படி அமைத்தது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் எண்ணைப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, மூடிகள். டர்போ வண்டியில் இரண்டு மூடி: டர்போவுக்கு அருகே உள்ள உலோகத் தொட்டியில் ஒன்று, ரேடியேட்டரில் ஒன்று. இரண்டின் அழுத்த அளவும் வேறு. தொட்டி மூடிதான் முதலில் திறந்து ரிசர்வ் டப்பாவுக்குத் தண்ணீரை அனுப்ப வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டாலோ மூடியின் ரப்பர் செத்துப்போனாலோ, வெளியே போன கூலன்ட் திரும்பி வராது. “எங்கேயும் கசியவில்லை, ஆனால் குறைகிறது” என்பதற்கு மலிவான மருந்து புது மூடி.

பெல்ட் வேலைக்குக் கூலன்ட்டை வடிக்கத்தான் போகிறீர்கள். திரும்ப நிரப்பும்போது ரேடியேட்டர் வழியாக ஊற்றாமல் அந்த உலோகத் தொட்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள், ரேடியேட்டர் மேலுள்ள காற்றுப் பிளக் திறந்திருக்கட்டும். மூக்கு கொஞ்சம் உயர்ந்து நின்றால் நல்லது. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐட்லிங். மறுநாள் குளிரில் மறுபடி பார்த்து நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் ஒரிஜினலே போடுங்கள். இந்த எஞ்சினில் அது கீழே, தண்ணீர் உள்ளே வரும் பக்கம் இருக்கிறது. சின்ன உடம்புள்ள மாற்றுச் சரக்கு போதுமான தண்ணீரை விடாது.

ஜொகூர்_பாதி:

எல்லாரும் இறக்காதே இறக்காதே என்கிறீர்கள். அவர் கிளட்ச் பற்றிச் சொன்னதை யாரும் படிக்கவில்லையா? பெடல் மேலே வந்து பிடிக்கிறது என்றால் தட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நாலாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்துப் பாருங்கள். வண்டி வேகம் எடுக்காமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் வழுக்குகிறது. வழுக்கினால் எஞ்சினோ கியர்பாக்ஸோ இரண்டில் ஒன்று வெளியே வந்தே ஆகவேண்டும். சுபாருவில் எஞ்சினை மேலே தூக்குவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கிரேன் உள்ள பட்டறைக்கு அது வழக்கமான வேலை.

அப்படி எடுத்தால் மேலே அண்ணன்கள் சொன்ன எல்லாமே நின்றபடி, வெளிச்சத்தில் செய்யலாம். அதோடு எஞ்சின் உள்ளே இருக்கும்போது கைக்கு எட்டாத இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, பின்பக்கத்துப் பிளாஸ்டிக் செப்பரேட்டர் தட்டு: உலோகத் தட்டாக மாற்றிவிடுங்கள், உங்கள் லேசான ஈரம் அதுவாகவே இருக்கும். பின்பக்க கிராங்க் சீல் உலர்ந்திருந்தால் நான் தொடமாட்டேன். இருபது வருடம் கசியாத சீலைப் பிடுங்கிப் புதியதைக் கோணலாக அடித்துக் கசியவைப்பது பட்டறைகளின் பொழுதுபோக்கு. இரண்டாவது, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் டர்போ இன்லெட் ரப்பர். சூட்டில் இறுகி வெடித்திருக்கும். ட்யூன் ஆசை இருப்பவருக்கு இதுதான் முதல் சாமான்.

சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றினால் ஆயில் பிக்கப் குழாயையும் மாற்றுங்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டு, ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுவது தெரிந்த குறை.

ஆக, கிளட்ச் வழுக்கினால் இறக்குங்கள். வழுக்காவிட்டால் ராக்கர் கவரும் பெல்ட்டும் வண்டியிலேயே. செப்பரேட்டர் தட்டு சொட்டும்வரை காத்திருக்கட்டும், 2030 வரை சொட்டாமலும் போகலாம்.

இன்னொன்று: எஞ்சினையே மாற்றிவிடலாம், ஜப்பான் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய வண்டி) மலிவு என்று யாராவது சொன்னால், எஞ்சின் எண் எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) பதிவில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அனுமதி, சோதனை எல்லாம் வேண்டும்.

பூஸ்ட்_கணக்கு:

ட்யூன் பகுதிக்கு வருகிறேன். முதலில் கம்ப்ரெஷன் சோதனை: நான்கும் 140–170 பிஎஸ்ஐக்குள், ஒன்றுக்கொன்று 10%-க்குமேல் வித்தியாசம் இல்லாமல். சிலிண்டர்கள் 1, 3 வலதுபக்கம், 2, 4 இடதுபக்கம். நான்காவதை இரண்டு தடவை பாருங்கள், இந்த எஞ்சின்களில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்து புகைச் சோதனை, அதாவது காற்றுக் குழாய்களில் புகையை விட்டு ஓட்டை தேடுவது. இந்த வண்டி உள்ளே வரும் காற்றை ஏர் பாக்ஸ் பக்கத்திலேயே அளந்துவிடுகிறது. அளந்த இடத்துக்கும் டர்போவுக்கும் நடுவே ஓட்டை என்றால் கணக்கில் வராத காற்று நுழையும், கலவை மெலியும், நாக் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும். டர்போவுக்குப் பின்னால் ஓட்டை என்றால் கணக்கில் வந்த காற்று வெளியே போகும், கலவை தடிக்கும், கறுப்புப் புகை. வெளியே ஊதும் புளோ-ஆஃப் வால்வு போட்டவர்களுக்கு கியர் மாற்றும்போது பட்பட் என்று வெடிப்பதும் இதனால்தான். ஸ்டாக்போலத் திரும்ப உள்ளே விடும் வால்வே போதும்.

பிறகு லாக் (ஓடும்போது எஞ்சின் தரவுப் பதிவு) எடுங்கள். ரோம்ரெய்டர் மென்பொருளும் டாக்ட்ரிக்ஸ் கேபிளும் போதும். பார்க்கவேண்டியவை ஐஏஎம், நாக் திருத்தம், எரிபொருள் திருத்தம். ஐஏஎம் என்பது எஞ்சின்மேல் ஈசியு (எஞ்சின் கணினி) வைத்திருக்கும் நம்பிக்கையைக் காட்டும் எண். பழைய 16-பிட் ஈசியுவில் உச்சம் 16, புதியதில் 1.0. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாதியிலிருந்து தொடங்கி ஏறும், ஆகவே பிளக் மாற்றிய மறுநாளே பார்த்துப் பதறாதீர்கள். நன்றாக ஓடியபிறகும் உச்சத்துக்குப் போகவில்லை என்றால் அந்த எஞ்சினுக்கு ட்யூன் வேண்டாம், வைத்தியம் வேண்டும். எரிபொருள் திருத்தம் 5%-க்குள் நல்லது, 10%-ஐத் தொட்டால் மறுபடி புகைச் சோதனை.

உங்கள் வண்டியில் உள்ள டிடி04 சின்ன டர்போ. பூஸ்ட்டை அதிகமாகத் தூக்கினால் மேல் ஆர்பிஎம்மில் காற்றுக்குப் பதில் சூட்டைத்தான் தரும். நம் ஊர் வெயிலில் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தாலே எஞ்சின்மேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) கொதித்துவிடும். அதனால் உச்ச எண்ணைத் துரத்தாமல், நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடும்படி மிதமான ட்யூன் கேளுங்கள். 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டே ட்யூன் செய்து, 98-ஐயே ஊற்றுங்கள். ஜொகூர் போகும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் பெரும்பாலும் இங்கத்துப் பெட்ரோலோடுதான் போவீர்கள். அங்கே நிரப்ப நேர்ந்தால் 97 கலந்த டேங்கில் அழுத்தி மிதிக்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட்டுக்கு எல்டிஏ ஒப்புதல் வேண்டும். சான்றிதழோடு வருவதை வாங்குங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி சோதனையில் நிற்காது, 10 வயது தாண்டியதால் உங்களுக்கு ஆண்டுதோறும் சோதனை.

ஈசூன்_ஈஜே:

நாலாவது கியரில் பார்த்தேன், வழுக்குகிறது. அப்போ எஞ்சின் இறங்குகிறது. ஆயில் எது போடுவது? பிளக் ஒரு படி குளிர்ந்தது போடலாமா?

சின்மிங்_ஸ்பேனர்:

5டபிள்யூ-40 போதும், அடிக்கடி அழுத்தி ஓட்டினால் 10டபிள்யூ-50. 4 லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு, சமதளத்தில் சிறிது நேரம் நிறுத்திய பின் டிப்ஸ்டிக் பார்த்து மீதி. டிப்ஸ்டிக்கின் இரு பக்கமும் வேறு வேறு அளவு காட்டும், குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். வடிகால் போல்ட் 17 மி.மீ. தலை, 44 நியூட்டன் மீட்டர், வாஷர் ஒவ்வொரு தடவையும் புதியது. ஃபில்டர் வாங்கும்போது அளவும் மரையும் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுபாரு ஃபில்டரின் பைபாஸ் வால்வு 23 பிஎஸ்ஐ அளவில்தான் திறக்கும், மலிவுச் சரக்கு பாதியிலேயே திறந்து வடிகட்டாத ஆயிலை பேரிங்குக்கு அனுப்பும். 1,000 கி.மீ.க்கு ஒரு தடவை அளவு பாருங்கள்.

பிளக் 6-ஆம் வெப்ப எண்ணே. மிதமான ட்யூனுக்கு ஒரு படி குளிர்ந்த 7 தேவையில்லை, நெரிசலில் கரி பிடிக்கும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது கியர் ஆயிலும் மாற்றிவிடுங்கள்: 75டபிள்யூ-90 ஜிஎல்-5, 3.5 லிட்டர். பின் டிஃபரென்ஷியலுக்கு 0.8 லிட்டர். முதலில் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வடிகட்டுங்கள்.